பிறர் குரலில் பேசுவது பொய்யாகுமா?

கோடை விடுமுறைக்குக் காரைக்குடிக்கு வந்திருந்த என் மகளின் மகள், ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பின் நான் திண்ணையில் அமர்ந்திருந்தபோது அருகில் வந்து, "நன்னா, நான் ஒரு மனிதரை உண்டாக்க வேண்டும். நீங்கள் உதவ வேண்டும்" என்றாள். படைத்தல் இறைவன் ஒருவனுக்கே உரிய தொழிலாயிற்றே என்று நான் வேடிக்கையாகக் கூறவும், அவள் சிரித்துவிட்டு விவரத்தைச் சொன்னாள்.

வெவ்வேறு ஊர்களில் இருக்கும் இளைஞர் சிலர் கூடி ஒரே கதையை எழுதி வருகின்றனராம். ஒவ்வொருவருக்கும் ஒரு பாத்திரம் உண்டு. அவரவர் தம் பாத்திரத்தின் வாயால் மட்டுமே பேசலாம். பிறர் பாத்திரம் என்ன நினைத்தது, என்ன செய்தது என்று எழுத எவருக்கும் உரிமை இல்லை. புதிதாகச் சேர விரும்புவோர் தம் பாத்திரத்தை அறிமுகம் செய்து சில பக்கங்கள் எழுதி அனுப்ப வேண்டும். படித்தவர்கள் மனத்தில் அம்மனிதர் நின்றால்தான் குழுவில் இடம்.

இதைக் கேட்டுக்கொண்டே வந்த என் மகள், "இல்லாத ஒருவனாக நின்றுகொண்டு 'நான், நான்' என்று எழுதுவது பொய்தானே, அத்தா? பொய்யை விளையாட்டுக்கும் சொல்லக் கூடாது என்று நீங்கள்தானே எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தீர்கள்?" என்று கேட்டாள்.

பேத்தி கேட்டது எழுத்துக்கலை பற்றிய கேள்வி. மகள் கேட்டது ஒழுக்கம் பற்றிய கேள்வி. முதலில் இவற்றைத் தனித்தனியாகவே எண்ணினேன். எண்ணிப் பார்க்கப் பார்க்க, இரண்டும் ஒரே கேள்விதான் என்று தோன்றியது. அவ்வெண்ணத்தையே ஈண்டு எழுதுகிறேன்.

பொய் எது?

நடவாத ஒன்றைக் கூறுவது மட்டும் பொய்யாகிவிடாது. நடவாததை நடந்ததாகக் கேட்பவர் நம்ப வேண்டும் என்னும் எண்ணத்தோடு கூறுவதே பொய். கேட்பவருக்கும் சொல்பவருக்கும் இடையே, 'இது கதை' என்னும் உடன்பாடு முன்னரே இருக்குமாயின், அங்கே ஏமாறுபவர் எவரும் இல்லை. ஏமாறுபவர் இல்லாத இடத்தில் பொய்யும் இல்லை.

இவ்வினா நமக்குப் புதியதன்று. பஸராவில் வாழ்ந்து 1122இல் மறைந்த அல்ஹரீரி, 'மகாமாத்' என்னும் ஐம்பது கதைகளை அரபு மொழியில் இயற்றினார். ஸரூஜ் ஊரைச் சேர்ந்த அபூ ஸைத் என்னும் சொல்வன்மை மிக்க எத்தன் ஒருவன், ஊர் ஊராகச் சென்று, இன்று போதகராகவும் நாளை இரவலனாகவும் வேடமிட்டுத் திரிவதே அக்கதைகளின் பொருள். கற்பனையான மனிதனைப் படைத்தமைக்காகத் தம்மைக் குறைகூறுவோர் இருப்பர் என அறிந்த ஹரீரி, தம் நூலின் முன்னுரையிலேயே அதற்கு விடை கூறிச் சென்றார். விலங்குகளும் உயிரற்ற பொருள்களும் பேசுவதாகச் சொல்லப்படும் நீதிக் கதைகளை எவரும் பொய் என்று தள்ளியதில்லை என்றும், செயல்கள் எண்ணத்தைப் பொறுத்தே அமைகின்றன என்றும் அவர் வாதிட்டார். சமுதாயம் அவர் வாதத்தை ஏற்றது. பல நூற்றாண்டுகளாக அரபு மொழி பயின்ற மாணவர்கள் அந்நூலைப் பாடமாகவே கற்று வந்துள்ளனர்.

ஆனால் உடன்பாடு என்னும் வேலியைத் தாண்டிய கணமே நிலைமை மாறிவிடும். கதைக்கு வெளியே, உண்மை மனிதர் ஒருவரிடம், தான் வேறொருவன் என்று நடித்து அவருடைய பொருளையோ அன்பையோ நம்பிக்கையையோ பெறுபவன் பொய்யனே. 'நான் பாத்திரமாகத்தானே பேசினேன்' என்பது அவனுக்குப் புகலிடம் ஆகாது. என் மகளிடம் இவ்வளவையும் கூறினேன். அவள் மறுக்கவில்லை. ஏற்றுக்கொண்டதாகவும் காட்டிக்கொள்ளவில்லை.

நம் மண்ணின் மரபு

பலர் கூடி, பொதுவான விதிகளுக்கு உட்பட்டு, பிறர் குரலில் பேசும் வழக்கம் தமிழர்க்கு மிகப் பழையது. சங்க காலத்து அகப்பாடல்கள் எல்லாம் இவ்வாறு பிறந்தவையே. அப்பாடல்களில் புலவர் தம் குரலில் பேசுவதில்லை. தலைவி பேசுவாள், தோழி பேசுவாள், தலைவன் பேசுவான், செவிலி பேசுவாள். எவர், எவ்விடத்தில், எவரிடம் பேசலாம் என்பதற்குத் தொல்காப்பியம் இலக்கணம் வகுத்துள்ளது. அகப்பாட்டில் குறிப்பிட்ட எவருடைய பெயரையும் சுட்டலாகாது என்றும் விதித்துள்ளது. இவ்விதியின் நுட்பத்தை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். ஊரறிந்த ஒருவருடைய அந்தரங்கத்தைப் பாட்டாக்கிவிட்டால், அது புறங்கூறுதலாக முடியும். பெயரை நீக்கிவிட்டால், அது எல்லார் மனத்துக்கும் பொதுவாகிவிடுகிறது.

எங்கள் சிவகங்கை மாவட்டத்தில் சிங்கம்புணரிக்கு அருகில் பிரான்மலை இருக்கிறது. அதன் உச்சியில் உள்ள தர்காவை நாடி நம் மக்கள் மலையேறுவர். வள்ளல் பாரியின் பறம்பு மலை அதுவே என்பர். அப்பாரியின் உயிர் நண்பரான கபிலர், குறிஞ்சிப்பாட்டை இயற்றினார். 261 அடிகள் கொண்ட அப்பாட்டு முழுவதும் தோழி ஒருத்தி செவிலித் தாயிடம் பேசும் பேச்சு. ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழின் சிறப்பை உணர்த்தப் பாடப்பட்டது என்று அதன் பழங்குறிப்பு கூறும். கபிலரோ கல்வியிற் சிறந்த ஆண்மகன். அவர் குரலெடுத்துப் பேசியதோ மலைநாட்டு இளம்பெண் ஒருத்திக்காக.

அத்தோழி இரண்டாயிரம் ஆண்டுகளாக நம் மனத்தில் நிற்பது எதனால்? அவள் அழகி என்றோ வீராங்கனை என்றோ கபிலர் கூறவில்லை. அவளை இரண்டு கடமைகளுக்கு நடுவே நிறுத்தினார். தலைவியின் காதலை மறைத்தால் தலைவி வாடி மெலிவாள். வெளியிட்டால் தாயின் மனம் புண்படும், தன்மீதும் பழி வரும். இருவரையும் இழக்காமல் உண்மையைச் சொல்ல வேண்டும். இந்த இக்கட்டில் அவள் ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்டுப் பேசுகிறாள். அந்த எடைபோடுதலில்தான் அவளுக்கு உயிர் வருகிறது.

பேத்தியிடம் நான் கூறிய முதல் பாடம் இதுதான்: "உன் மனிதருக்கு என்னென்ன சிறப்புகள் உண்டு என்று எழுதாதே. அவர் எந்த இரண்டுக்கு நடுவே நிற்கிறார் என்று எழுது."

எதிர்த்தரப்பின் வழக்கறிஞர்

அவள் முதலில் எழுதி வந்த பாத்திரம் ஓர் இளம்பெண். மருத்துவர். ஆறு மொழிகள் அறிந்தவள், குதிரை ஏறுவாள், இனிமையாகப் பாடுவாள். எவரும் அவளை வெறுக்க இயலாது. படித்து முடித்ததும் அவள் முகம்கூட எனக்கு நினைவில் நிற்கவில்லை. "இவளுக்கு யாருடைய உதவியும் தேவையில்லையே, இவளோடு மற்றவர்கள் எதைப் பேசுவார்கள்?" என்று கேட்டேன். பேத்தியின் முகம் வாடிவிட்டது.

அவளை ஆற்றுவதற்காக எங்கள் ஊரின் கம்பன் விழாவைப் பற்றிச் சொன்னேன். 1939இல் சா. கணேசன் அவர்கள் காரைக்குடியில் கம்பன் கழகத்தைத் தொடங்கினார்கள். பட்டிமண்டபமும் வழக்காடு மன்றமும் பொதுமக்கள் விரும்பிக் கேட்கும் கலைகளாக வளர்ந்ததில் அவ்விழாவுக்குப் பெரும் பங்கு உண்டு. வழக்காடு மன்றத்தில் காவியப் பாத்திரம் ஒன்று குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்படும். ஒருவர் குற்றம் சாட்டுவார், மற்றொருவர் மறுப்பார், நடுவர் தீர்ப்புரைப்பார். தமக்கு ஒதுக்கப்பட்ட தரப்பைத் தம் சொந்தத் தரப்பு போலவே எண்ணி, நூலுக்குள் நுழைந்து சான்று தேடிப் பேச வேண்டும். நேற்று வரை எவரைக் குறை கூறினாரோ, இன்று அவருக்காகவே வாதாட நேரும். அப்படி ஒரு மாலைப்பொழுது வாதாடியவர், அதன் பிறகு அப்பாத்திரத்தை முன்போல எளிதில் இகழ இயலாது.

நாகூரில் 1921இல் பிறந்து, 1979 முதல் 1981 வரை சென்னை உயர்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக விளங்கிய மு. மு. இஸ்மாயில் அவர்கள் சென்னைக் கம்பன் கழகத்தின் தலைவராகவும் இருந்தார்கள் என்பது நம்மவர் பலரும் அறிந்ததே. வாலி வதத்தை அவர்கள் ஆராய்ந்த முறையில் நீதிபதியின் கண் தெரியும். மறைந்திருந்து அம்பெய்தவர் தரப்பையும், அம்பேற்று வீழ்ந்தவன் தரப்பையும் ஒருங்கே கேட்டல்லவா தீர்ப்புச் சொல்ல வேண்டும்? நீதிமன்றத்தில் பழகிய செவி, இலக்கியத்திலும் இரு தரப்பையும் கேட்கிறது.

இங்கேதான் மகளின் கேள்வியும் பேத்தியின் கேள்வியும் ஒன்றாகின்றன. ஒரு பாத்திரம் மனத்தில் நிற்க வேண்டுமாயின் அதற்கு நீதி செய்ய வேண்டும். நமக்குப் பிடிக்காத மனிதனுக்கும் அவன் தன் வாயால் கூறக்கூடிய மிகச் சிறந்த காரணத்தைத் தேடித் தர வேண்டும். அதைத் தர மறுத்து, கெட்டவனைக் கெட்டவன் என்று மட்டும் எழுதினால், கதை தளர்ந்துபோவது ஒருபுறம் இருக்க, நாம் நீதி தவறியவர்களாகவும் ஆகிறோம். ஒரு கூட்டத்தார் மீதுள்ள பகை உங்களை நீதி தவறச் செய்துவிட வேண்டாம் என்று திருமறையின் அல்மாயிதா அத்தியாயம் எச்சரிக்கிறது. அந்த எச்சரிக்கை கற்பனை மனிதர்களுக்குப் பொருந்தாது என்று நான் எண்ணவில்லை. கற்பனையில் பழகிய அநீதி வாழ்க்கையிலும் எளிதாக வரும்.

திருமறை கூறும் யூசுப் (அலை) அவர்களின் வரலாறு புனைகதையன்று, உண்மை வரலாறு. அதைச் சொல்லும் முறையைக் கவனிக்க வேண்டும். உடன்பிறந்தவனைக் கிணற்றில் தள்ளத் துணிந்த சகோதரர்களின் மனக்குறையும் அங்கே மறைக்கப்படவில்லை. தந்தை தங்களைவிட அவனிடம் மிகுந்த அன்பு காட்டுகிறார் என்ற அவர்களுடைய புழுக்கம் அவர்கள் வாயாலேயே வெளிப்படுகிறது. ஃபிர்அவ்னின் வாதமும், ஆணவத்தால் வீழ்ந்த இப்லீஸின் வாதமும்கூட மறையில் பதிவு பெற்றுள்ளன. எதிரியின் சொல்லை மறைத்து வெற்றி பெற உண்மைக்குத் தேவையில்லை.

உமறுப்புலவரின் சீறாப்புராணத்தில் மானுக்குப் பிணை நின்ற படலத்தை நம் பிள்ளைகள் பள்ளிப் பாடமாகவே படித்ததுண்டு. வலையில் சிக்கிய மான், தன் கன்றுக்குப் பாலூட்டி வர விடை கேட்கிறது. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பிணை நிற்கின்றார்கள். காட்டுக்குள் விட்ட மான் திரும்பி வருமா என்று வேடன் ஐயுறுகிறான். அந்த ஐயம் நம் எல்லாருடைய ஐயமும் அல்லவா? வேடனைக் கொடியவன் என்று மட்டும் காட்டி நிறுத்தியிருந்தால், மான் திரும்பி வரும்போது அவன் மனம் மாறுவது நம்மை அசைத்திராது. அவன் நியாயமாகவே ஐயுற்றான். ஆகையால் அவனோடு நாமும் மாறுகிறோம்.

நம் காலத்துக்கு வந்தால், தோப்பில் முஹம்மது மீரான் அவர்களின் 'சாய்வு நாற்காலி'யைக் கூறலாம். 1997இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற நாவல் அது. அதில் வரும் முஸ்தபாக் கண்ணு, முன்னோர் பெருமையைப் பேசிக்கொண்டு, நாற்காலியில் சாய்ந்தபடியே வீட்டுப் பொருள்களை ஒவ்வொன்றாக விற்று நாவின் சுவைக்குச் செலவிடும் மனிதர். செட்டிநாட்டில் வாழ்பவர்களுக்கு அவரைப் புரிந்துகொள்வது கடினமன்று. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில், பெரிய வீடுகளிலிருந்து கழற்றி வந்த பர்மாத் தேக்குக் கதவுகளும் நிலைகளும் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். முஸ்தபாக் கண்ணுவை நாம் போற்ற முடியாது. ஆனால் மறக்கவும் முடியாது. அவர் எதை விற்க மனம் துணிந்தார், எதை விட மனம் துணியவில்லை என்று ஆசிரியர் நமக்குக் காட்டிவிட்டார்.

சபையின் ஒழுங்கு

கூடி எழுதும் கதைக்கு மற்றொரு தருமமும் உண்டு. நம் பாத்திரம் மற்றவர்களுக்கு இடம் விட வேண்டும். நைசாபூர்க் கவிஞர் அத்தார் இயற்றிய 'மன்திக்குத் தைர்' என்னும் பாரசீகக் காவியத்தில், பறவைகள் கூடித் தம் அரசனைத் தேடிப் புறப்பட எண்ணுகின்றன. புறப்படும் நேரத்தில் ஒவ்வொன்றும் ஒரு சாக்குச் சொல்கிறது. ரோஜாவைப் பிரிய முடியாது என்கிறது புல்புல். தண்ணீரைப் பிரிய முடியாது என்கிறது வாத்து. அரசர் கையில் அமரும் பெருமையை விட முடியாது என்கிறது இராஜாளி. ஹுத்ஹுத் ஒவ்வொன்றுக்கும் மறுமொழி கூறுகிறது. ஒவ்வொரு பறவைக்கும் ஒரு குறை இருப்பதால்தான் அங்கே உரையாடல் பிறக்கிறது. குறையே இல்லாத பறவைக்கு அந்தச் சபையில் பேச என்ன இருக்கும்? மற்றவர் பேச வாய்ப்பளிக்காதவர் எத்துணை அறிஞராயினும் சபைக்குப் பொருந்தார். பாத்திரத்துக்கும் இதே விதிதான்.

ஓர் எச்சரிக்கையையும் கூறியாக வேண்டும். தீயவன் குரலில் நாள்தோறும் பேசுபவர், அத்தீமையில் சுவை கண்டுவிடும் ஆபத்து உண்டு. அவனைப் புரிந்துகொள்வது வேறு, அவன் செயலை அழகுபடுத்துவது வேறு. எழுதுகோலைக் கீழே வைத்த பின் நாம் நாமாகத் திரும்பி வர வேண்டும். பாங்கொலி கேட்டதும் எழுந்து, தன் பெயரோடும் தன் குற்றங்களோடும் இறைவன் முன் நிற்பவனுக்கு இது எளிது. அங்கே எவரும் பாத்திரமாக நிற்க முடியாதல்லவா?

அவள் எழுதிய மனிதர்

விடுமுறை முடியும் தறுவாயில் பேத்தி தன் பாத்திரத்தை எழுதி முடித்து என்னிடம் தந்தாள். சிற்றூரில் துணிக்கடை வைத்திருக்கும் ஒரு தகப்பனார். நேர்மையானவர், கடன் வைக்காதவர். பள்ளியிறுதித் தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்ற தம் மகளை அவர் கல்லூரிக்கு அனுப்பவில்லை. அதை அவரே தம் வாயால் கூறுகிறார். பேருந்தில் பன்னிரண்டு கல் தொலைவு அவள் தனியே போய்வர வேண்டும் என்பதைக் கூறுகிறார். தம் தங்கையைப் பற்றி ஊரில் ஒருமுறை எழுந்த வீண் பழியையும், அதனால் அவள் திருமணம் நின்றதையும் கூறுகிறார். மகளைத் தடுத்த இரவு தாம் உறங்கவில்லை என்பதையும், மறுநாள் அவளுக்கு விலையுயர்ந்த சேலை ஒன்றை எடுத்து வந்ததையும், அவள் அதைப் பிரிக்காமலே பெட்டியில் வைத்ததையும் கூறுகிறார். "நான் செய்தது பிழையென்று எனக்குத் தெரியும். ஆனால் அன்று எனக்கிருந்த அச்சமும் பொய்யன்று" என்று முடிக்கிறார்.

அம்மனிதர் துணிக்கடைக்காரர். நான் அல்லன். எனக்குத் தங்கையும் இல்லை. ஆயினும் படித்து முடித்தபோது என் கை நடுங்கியது. முப்பது ஆண்டுகளுக்கு முன் என் மகளின் படிப்பை நிறுத்தியவன் நான். அதைப் பற்றி எங்கள் வீட்டில் எவரும் பேசுவதில்லை. பேத்திக்கு எவர் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. ஒருவேளை, பேசப்படாத ஒன்று வீட்டில் இருப்பதைப் பிள்ளைகள் தாமே அறிந்துகொள்வார்கள் போலும்.

அவள் என்னைப் பழித்து எழுதியிருந்தால் எனக்கு ஒரு மறுமொழி கிடைத்திருக்கும். 'உனக்கு அந்தக் காலம் தெரியாது' என்று கூறியிருப்பேன். இத்தனை ஆண்டுகளாக என் மனத்துக்குள் நான் கூறிவந்ததும் அதுவே. ஆனால் அவளோ, நான் எனக்காகக் கூறிக்கொள்ளக்கூடிய அனைத்தையும், என்னைவிடத் தெளிவாகவே, அம்மனிதர் வாயில் வைத்துவிட்டாள். அதன் பிறகு நான் சேர்த்துச் சொல்ல ஒன்றும் இல்லை. என் தரப்பு முழுவதும் கேட்கப்பட்ட பின்னும், பிழை பிழையாகவே எஞ்சி நின்றது. நீதி என்பது இதுதான் என்று அன்று உணர்ந்தேன். முழுமையாகக் கேட்டபின் வரும் தீர்ப்பிலிருந்து எவரும் தப்ப முடிவதில்லை.

அந்தத் தாள்களை என் மகளிடம் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு, நின்றபடியே படித்தாள். "இதையும் பொய் என்பாயா, அம்மா?" என்று கேட்டேன். அவள் விடை கூறவில்லை. தாள்களை ஒழுங்காக மடித்துப் பேத்தியிடம் தந்து, "இந்தக் கதையில் அந்தப் பெண்ணுக்காகப் பேசுவது யார்?" என்று மட்டும் கேட்டாள்.

"இன்னும் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை, அம்மா" என்றாள் பேத்தி.

இப்போது என் மகள் இரவு உணவுக்குப் பின் ஏதோ எழுதுகிறாள். அவளை அந்தக் குழுவில் சேர்த்துக்கொண்டார்களா என்று எனக்குத் தெரியாது. அவள் எழுதுவதை என்னிடம் காட்டவும் இல்லை. காட்டும்படி கேட்க எனக்கு உரிமையும் இல்லை. காட்டுகின்ற நாள் வருமாயின், குறுக்கே பேசாமல் கடைசி வரி வரை கேட்கும் பொறுமையை இறைவன் எனக்குத் தர வேண்டும் என்று வேண்டுகிறேன்.